பழைய டீசல் வண்டி இன்ஜின் சத்தம்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

பழைய டாடா 407, 1210, பழைய லேலண்ட் மாதிரி வண்டி ஒன்றை வாங்கி, "இன்ஜின் நல்ல இன்ஜின்தான், சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்ற பேச்சை நம்பி ஓட்ட ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது 497 இன்ஜின் போட்ட 407. ஆத்தங்குடியிலிருந்து தரையில் பதிக்கும் கல் ஏற்றிக்கொண்டு மதுரை, திருச்சி, சில நேரம் பெங்களூரு வரை போகும். வைக்கோல் வைத்து எவ்வளவு பக்குவமாக அடுக்கினாலும் இன்ஜின் ஆட்டம் பாடிக்கு ஏறினால் கல்லின் மூலை உடையும், உடைந்த கல்லுக்குக் காசு வராது. அதுபோக விடிகாலையில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களில் வண்டியை எடுத்தால், இரண்டு பக்கமும் இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டுச் சுவர்கள், சத்தம் அதில் மோதித் திரும்பி வந்து ஊரையே எழுப்பும்.

நாங்கள் முதலில் போன பட்டறையில் எடுத்த எடுப்பில் டீசல் பம்ப்பைக் கழற்றினார்கள். பில் பெரிதாக வந்தது, சத்தம் அப்படியே இருந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் போனபோதுதான் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கெட் ஊதுவதும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டுவதும், டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் சந்து) ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு கணக்கில் இருப்பதும் தெரிந்தது. மூன்றுக்கும் ஆன செலவு பம்ப் பில்லில் கால்வாசி கூட இல்லை. அதனால் நான் சொல்ல வருவது வரிசையைத்தான். காசு குறைந்த வேலை முதலில், பம்ப் கடைசியில். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: இன்ஜினைக் கெடுத்தும் சத்தத்தைக் குறைக்கலாம், அப்படிச் செய்துகொடுக்க ஆள் இருக்கிறார்கள். எங்கெங்கே அது நடக்கும் என்று கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பழைய டீசல் இன்ஜின் கார் மாதிரி ஓடாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே தெளித்த டீசல் பற்றிக்கொள்ள ஒரு கணம் எடுக்கும், அந்தக் கணத்தில் சேர்ந்த டீசல் எல்லாம் ஒரே மொத்தமாக எரியும்போது வருவதுதான் அந்த 'கடகட'. அது முழுக்கப் போகாது. அதற்கு மேலே ஏறியிருக்கும் சத்தத்தைத்தான் எடுக்கப் போகிறோம்.

1. பட்டறைக்குப் போகும் முன் காதால் கேளுங்கள்

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடானபின் ஒரு தடவை, இரண்டு நேரமும் கேட்க வேண்டும். தோளில் துண்டு போட்டிருந்தால் கழற்றி வையுங்கள், வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபேன் பெல்ட் பக்கத்தில் தொங்கும் துணியால் கை போனவர்கள் உண்டு.

ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல், இன்ஜின் ஓடும்போது கிளட்ச்சை முழுக்க மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கோளாறு கியர் பாக்ஸ் பக்கம், இன்ஜினில் இல்லை. மிதித்ததும் புதிதாக ஒரு சத்தம் கிளம்பினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இந்த ஒரு சோதனைக்குக் காசே கிடையாது, ஆனால் இதைச் செய்யாமல் இன்ஜினைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதோடு வைத்து, முனையை வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்), ஆல்டர்னேட்டர், டேப்பெட் கவர், பம்ப் என்று ஒவ்வொன்றின் மேலும் ஊன்றிக் கேளுங்கள். சுழலும் பாகங்களைத் தொடக் கூடாது, அசையாத உடம்பில் மட்டும் ஊன்றுங்கள். சத்தம் எங்கே பெரிதாகக் கேட்கிறதோ அதை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

கேட்டதை ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம். மேலே இருந்து 'டிக் டிக்' என்று சீராக வந்தால் டேப்பெட். ஒரு பக்கத்திலிருந்து 'சட் சட்' என்று காலையில் அதிகமாகவும் சூடானபின் குறைவாகவும் வந்தால் மேனிஃபோல்ட் ஊதுகிறது. ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் சுத்தியலால் அடிக்கிற மாதிரி கேட்டால் பெரும்பாலும் இன்ஜெக்டர். கீழேயிருந்து 'டம் டம்' என்று கனமாக, லோடு ஏறும்போது கூடுதலாக வந்து, ஆயில் பிரஷரும் குறைவாக இருந்தால் அது பேரிங். அப்படியென்றால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். அதற்கு டியூனிங் எதுவும் உதவாது, ஓட்டினால் கிராங்க்கும் சேர்ந்து போகும்.

புகையையும் பாருங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுதல். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் இரண்டாவது.

கடைசியாக இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகப் புகை வருவது சகஜம். இன்ஜின் துடிப்போடு சேர்ந்து குபுகுபுவென்று ஊதினால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் லைனரும் தேய்ந்துவிட்டன. கீழே சொல்லும் வேலைகளுக்குச் செலவு செய்வதற்கு முன் ஓவர்ஹால் (இன்ஜினை முழுக்கப் பிரித்துச் செய்யும் வேலை) கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி வாங்கப் போகும்போதே இதைப் பார்த்துவிட்டால் விலை பேசவும் உதவும்.

2. காற்றும் டீசலும் ஆயிலும்

நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஏர் ஃபில்டரை மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் அடைக்கும். செங்கல் சூளைக்கும் கல் பட்டறைக்கும் போய்வரும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பேப்பர் ஃபில்டரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஊதவும். டயர் கடைக் காற்றை முழு அழுத்தத்தில் வைத்து அடித்தால் பேப்பர் கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது, புழுதி நேராக லைனருக்குப் போகும். ஆயில் நிரப்பும் பழைய வகை ஏர் கிளீனர் என்றால் அடியில் சேர்ந்த சேற்றை வழித்து, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள். ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்குங்கள்.

டீசல் ஃபில்டர்கள் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். மாற்றியபின் காற்றை எடுக்கும் வரிசை: முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூ, அப்புறம் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூ, அதற்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்தான் இன்ஜெக்டர் பைப் நட்டு. ஸ்லோ ஏறி இறங்குவது, திடீரென்று ஒரு அடி அடிப்பது இதெல்லாம் பல வண்டிகளில் காற்று இழுப்பதால்தான். ரிட்டர்ன் லைனில் தற்காலிகமாக ஒரு கண்ணாடி ஹோஸ் துண்டை மாட்டிப் பாருங்கள், குமிழ் ஓடினால் எங்கேயோ வாஷர் பிடிக்கவில்லை. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப்) வரைக்கும் உள்ள இணைப்புகளைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உறிஞ்சல் இருக்கிறது, டீசல் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே போகும்.

மண்ணெண்ணெய் கலந்த டீசலைப் போடவே போடாதீர்கள். பம்ப்புக்கும் நாசிலுக்கும் (இன்ஜெக்டரின் தெளிக்கும் முனை) டீசல்தான் மசகு, மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் கிடையாது. டேங்கில் பழைய இன்ஜின் ஆயில் கலந்தால் சத்தம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். கரியும் அழுக்கும் நாசிலில் போய் உட்காரும், வேண்டாம்.

இன்ஜின் ஆயிலைக் குச்சியில் பாருங்கள். அளவு தானாகக் கூடியிருந்து டீசல் வாடை அடித்தால், ஃபீட் பம்ப்போ இன்ஜெக்டரோ கசிந்து டீசல் ஆயிலில் இறங்குகிறது. நீர்த்த ஆயிலில் எல்லா சத்தமும் கூடும், பேரிங்கும் போகும். கசிவை நிறுத்திவிட்டுத்தான் ஆயில் மாற்ற வேண்டும். இந்த வண்டிகளுக்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயில் போதும். சத்தம் குறையட்டும் என்று அதைவிடத் தடிமனான ஆயில் ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் ஆனவுடன் மேலே ராக்கர் வரை ஆயில் ஏற நேரமாகும், அந்த நேரத்தில் தேய்மானம்தான் மிச்சம்.

3. டேப்பெட்

என்னைக் கேட்டால், கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இந்த வேலைதான். ஒரு பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், புது டேப்பெட் கவர் கேஸ்கெட், அரை நாள். இவ்வளவுதான் வேண்டும். கூலி கொடுத்தாலும் பெரிய தொகை இல்லை.

இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். மேனுவலில் குளிர்ந்த நிலைக்கு ஒரு அளவும் சூடான நிலைக்கு ஒரு அளவும் கொடுத்திருந்தால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் அளவு வேறாக இருக்கும். நம் மெக்கானிக்குகள் 'தவ்' (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பேசுவார்கள், மேனுவல் மில்லிமீட்டரில் பேசும்: எட்டு தவ் என்றால் சுமார் 0.20 மி.மீ., பன்னிரண்டு தவ் என்றால் சுமார் 0.30 மி.மீ. ஒரே கேஜ் தகட்டில் இரண்டு எண்ணும் அச்சடித்திருக்கும், எதைப் படிக்கிறீர்கள் என்பதில் கவனம்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள், இன்ஜினை நிறுத்தும் கேபிளை இழுத்த நிலையிலேயே வையுங்கள், கியர் நியூட்ரல், சக்கரத்துக்குக் கட்டை. கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

497 என்றால் நாலு சிலிண்டர், 97 மி.மீ. போர். எரியும் வரிசை 1-3-4-2. நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கிற அந்த ஆட்டத்தில் நிற்கும்போது ஒன்றாவது சிலிண்டரைச் சரிபார்க்கலாம். ஒன்றுக்கு நாலு, மூன்றுக்கு இரண்டு, இப்படி ஜோடி. திருப்பிப் போட்டாலும் அதேதான். 697 மாதிரி ஆறு சிலிண்டர் என்றால் வரிசை 1-5-3-6-2-4, ஜோடிகள் 1-6, 5-2, 3-4.

கேஜ் தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறும், இறுக்கியபின் மறுபடி தகட்டை விட்டுப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ராக்கரின் முனையில், வால்வைத் தட்டும் இடத்தில், தேய்ந்து ஒரு சின்னக் குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குழி இருந்தால் தட்டையான தகடு அதன் மேலே பாலம் போட்ட மாதிரி நின்றுவிடும். கேஜ் சரி என்று சொல்லும், வால்வோ இன்னும் தூரத்தில் இருக்கும். அப்படிப்பட்ட இன்ஜினில் எத்தனை தடவை டேப்பெட் வைத்தாலும் 'டிக் டிக்' போகாது. ராக்கரை மாற்றவோ லேத்தில் கொடுத்து முனையைச் சரிசெய்யவோ வேண்டும்.

சத்தத்தைக் குறைக்க இன்ஜினையே கெடுக்கும் வழி முதலில் இங்கேதான் வரும். "கொஞ்சம் டைட்டா வெச்சிடறேண்ணே, சத்தமே வராது" என்பார்கள். வராதுதான். ஆனால் சூடானபின் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாது, எரியும் வாயு சந்தில் புகுந்து வால்வு ஓரத்தை எரித்துவிடும், சில மாதத்தில் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். "மேனுவல் அளவு வைங்க தம்பி, சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். சரியான இடைவெளியில் லேசான டிக் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

4. இன்ஜெக்டர்

எந்த சிலிண்டர் அடிக்கிறது என்று கண்டுபிடிக்க, ஸ்லோவில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் அடிக்கும் சத்தம் நின்றால் அந்த சிலிண்டர்தான். தளர்த்தியும் இன்ஜின் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. இதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். நட்டின் மேல் தடித்த துணி, கண்ணாடி, கையுறை கட்டாயம். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆகிவிட்டால் வலி இல்லை என்று வீட்டுக்குப் போகாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கழற்றிய இன்ஜெக்டர்களைப் பம்ப் ரூமுக்கு (டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் சோதித்துத் தரும் பட்டறை) நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். காரைக்குடியில் இல்லாவிட்டால் மதுரை, திருச்சி, இரண்டுமே ஏறக்குறைய ஒரே தூரம். சோதனை மேசையில் மாட்டும்போது பக்கத்தில் நின்று நாலு விஷயம் பாருங்கள். எந்த அழுத்தத்தில் திறக்கிறது. நாலும் ஒரே அழுத்தத்தில் திறக்கிறதா. பனி மாதிரி பொடியாகத் தெளிக்கிறதா அல்லது கம்பி மாதிரி பீய்ச்சுகிறதா. அழுத்தத்தை நிறுத்தியபின் நுனியில் சொட்டு தொங்குகிறதா. சொட்டு தொங்கும் நாசில்தான் அடிக்கும், கறுப்புப் புகை விடும், பிஸ்டன் தலையையும் கரைக்கும்.

நாசில் மாற்றுவது என்றால் நாலையும் ஒன்றாக மாற்றுங்கள். நாசிலின் உடம்பில் எண் பொறித்திருக்கும், பாஷ் வகையில் 'டி.எல்.எல்.ஏ.' என்று தொடங்கும். புதிதில் உள்ள எண் பழையதோடு, அல்லது இன்ஜின் மேனுவலில் உள்ளதோடு, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் துளைகளின் கோணம் வேறாக இருக்கும். மாற்றிப் போட்டால் டீசல் லைனர் சுவரில் போய் அடிக்கும். நாசில் ஒன்று சில நூறு ரூபாய் விலையில் முடிகிற சாமான், போலியும் நிறைய ஓடுகிறது, பில்லோடு வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது காப்பர் வாஷர் புதிது. பழைய வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிதைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். நாசில் ஒரு வாஷர் தடிமன் மேலே நின்றுவிடும், புகையும் சத்தமும் கூடும், ஏன் என்று யாருக்கும் புரியாது. குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்தில் கரி இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். கிளாம்ப் நட்டு இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஓட்டிப் பார்த்தபின் இன்ஜெக்டர் அடியைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பு கசிந்தால் சரியாக உட்காரவில்லை.

5. மேனிஃபோல்டும் சைலன்சரும்

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஈரத் துணியைச் சைலன்சர் வாலில் சில விநாடி மட்டும் அழுத்திப் பிடித்தால், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே உஸ் என்று கேட்கும். மேனிஃபோல்ட் ஓரத்தில் கரிக்கோடு ஓடியிருந்தால் கேஸ்கெட் போய்விட்டது. கேஸ்கெட் மட்டும் மாற்றினால் போதாது. மேனிஃபோல்ட் முகம் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமம் செய்யாமல் மாட்டாதீர்கள், மறுபடி ஊதும். துருப்பிடித்த ஸ்டட் கழற்றும்போது முறியும், அதற்கும் சேர்த்து ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இதைச் சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முன்னால் ஓட்டை இருந்தால் புகை கேபினுக்குள் ஏறும், ராத்திரி ஓட்டத்தில் டிரைவருக்குத் தலைவலியும் மயக்கமும் வரும்.

சைலன்சரைக் கையால் தட்டிப் பாருங்கள், உள்ளே தகடு கழன்று ஆடினால் கலகலக்கும். வெளியே பேட்ச் வெல்டிங் அடித்து உள்ளே ஒன்றுமில்லாத குழாயாக ஓட்டுவதைவிட அந்த மாடலுக்கு உரிய சைலன்சரை வாங்கிப் போடுவது மேல். உள்ளே தகட்டை வெட்டி எடுத்தால் இழுவை கூடும் என்பது வெறும் பேச்சு. சைலன்சர் இல்லாமல் ஓட்டுவது மத்திய மோட்டார் வாகன விதி 120-க்கு விரோதம், எஃப்.சி.யிலும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கான சோதனை) நிற்கும்.

6. மௌண்டிங் ரப்பர்

கேபின் ஆடுகிறதா, ஸ்லோவில் கண்ணாடி நடுங்குகிறதா, இதைப் பாருங்கள். டீசலும் ஆயிலும் பட்டு ரப்பர் ஊறி உப்பியிருக்கும், அல்லது இரும்போடு ஒட்டிய இடத்தில் பிளந்திருக்கும். ஆயில் சம்ப்புக்கு நேராக முட்டுக் கொடுக்காமல், மரக்கட்டை வைத்து உறுதியான இடத்தில் ஜாக்கி போட்டு இன்ஜினைச் சற்றே தூக்கினால் பிளவு வாய் திறக்கும். முன்னும் பின்னும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். டயர் ரப்பரை வெட்டி வைப்பது சில பட்டறைகளில் வழக்கம், அது கெட்டியான ரப்பர், ஆட்டத்தை அப்படியே சேஸிஸுக்கு அனுப்பும். எங்கள் வண்டியில் கல் மூலை உடைவது குறைந்தது இந்த வேலைக்குப் பிறகுதான்.

ஸ்லோ வேகத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். டீசல் மிச்சம் என்று ஸ்லோவை மேனுவல் அளவுக்குக் கீழே இறக்கி வைத்தால், எந்த ரப்பர் போட்டாலும் வண்டி உதறும்.

7. பம்ப், இதற்குப் பிறகுதான்

மேலே சொன்னதெல்லாம் முடிந்தும் கறுப்புப் புகை நிற்கவில்லை, சிலிண்டருக்குச் சிலிண்டர் ஓட்டம் ஒத்துவரவில்லை, கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஏறி இறங்குகிறது என்றால் பம்ப்பை மேசையில் ஏற்றலாம். இரண்டு மூன்று நாள் ஆகும், சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தால் இன்னும் கூடும். உள்ளே எலிமெண்ட், டெலிவரி வால்வு எல்லாம் மாற்றும் அளவுக்குப் போனால் செலவு ஐந்திலக்கத்தைத் தொடும். அதனால் பிரித்துப் பார்த்துவிட்டுச் சாமான் பட்டியலும் மொத்தத் தொகையும் எழுதி வாங்கிய பிறகே வேலைக்குச் சரி சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று மேசையில் எடுத்த அளவை பில்லின் பின்னாலாவது எழுதித் தரச் சொல்லுங்கள். டீசல் அளவு ஸ்க்ரூவுக்கும் உச்ச வேக ஸ்க்ரூவுக்கும் சீல் வைத்துத்தான் தர வேண்டும்.

"பிக்கப் ஏத்தித் தரட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டீசலைக் கூட்டினால் அதை எரிக்கக் காற்றும் வேண்டும், பழைய டர்போ இல்லாத இன்ஜினில் அந்தக் காற்று எங்கிருந்தும் வராது. கூட்டிய டீசல் கறுப்புப் புகையாகத்தான் போகும்.

திரும்ப மாட்டும்போது டைமிங், அதாவது எந்தக் கணத்தில் டீசல் தெளிக்க வேண்டும் என்ற கணக்கு. சத்தத்தை அடக்க இன்ஜினைக் கெடுக்கும் இரண்டாவது வழி இது. டைமிங்கைப் பின்னால் தள்ளினால் அடிக்கும் சத்தம் உடனே குறையும், டெலிவரி எடுக்கும்போது உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். அப்புறம் பார்த்தால் காலையில் வெள்ளைப் புகை, மேட்டில் இழுக்காது, இன்ஜின் சூடு ஏறும், மைலேஜ் விழும். டைமிங்கை முன்னால் தள்ளினால் இழுவை கூடின மாதிரி இருக்கும், ஆனால் அடி கூடும், ஹெட் கேஸ்கெட்டும் பேரிங்கும் அந்த அடியை வாங்கும். காதுக்கு இதமாக வைக்கும் டைமிங் வேண்டாம். புல்லியிலோ ஃப்ளைவீலிலோ உள்ள குறியை வைத்து, ஒன்றாவது சிலிண்டரில் டீசல் நிற்கும் புள்ளியைப் பார்த்து, மேனுவல் டிகிரிக்கு வைக்கச் சொல்லுங்கள். மேனுவல் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் உங்கள் இன்ஜின் மாடலைச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். இன்ஜின் மாடல் எழுதிய தகட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் டேப்பெட், நாசில், டைமிங் மூன்றுக்கும் உதவும்.

8. கேபினுக்குள் சத்தம்

இன்ஜின் சரியான பிறகு மிச்சமிருக்கும் சத்தத்தை மறிக்கலாம். முதலில் ஓட்டைகளை அடையுங்கள்: பெடல் நுழையும் துளைகள், கியர் லீவர் அடியில் கிழிந்த ரப்பர், வயர் போகும் துளை, இன்ஜின் மூடியின் ஓர ரப்பர். எவ்வளவு தடித்த விரிப்பு போட்டாலும் இந்தச் சந்துகள் வழியாகச் சத்தம் உள்ளே வந்துவிடும். அதற்கப்புறம் தரையில் கனமான ரப்பர் விரிப்பு, இன்ஜின் மூடியின் உள்பக்கம் வெப்பம் தாங்கும், தீப்பிடிக்காத ஃபெல்ட்.

சாக்கு, தேங்காய் நார், தெர்மாகோல், பழைய மெத்தைப் பஞ்சு இதில் எதையும் இன்ஜின் பக்கம் திணிக்கக் கூடாது. டீசல் கசிந்து ஊறினால் ஒரு சூடான மேனிஃபோல்ட் போதும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும், இன்ஜினிலிருந்து வெளியேறும் காற்றையும் அடைக்காதீர்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் ஃபேன் சத்தம் இருப்பதே நல்லது. ஃபேன் இறக்கை வளைந்திருந்தால் மாற்றுங்கள், குறைக்காதீர்கள்.

9. பேப்பர்கள், நாள் கணக்கு

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம். 15 வருஷம் தாண்டிவிட்டால் கட்டணம் பல மடங்கு ஏறும், அதுவும் அடிக்கடி மாறுகிறது, பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணுக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து வையுங்கள். இன்ஜின் வேலையை எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஓடிப் பார்த்து, கசிவு எதுவும் இருந்தால் அடைத்துக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும்.

புகைச் சான்று பாரத் ஸ்டேஜ் (அரசு வைத்த புகைக் கட்டுப்பாட்டு நிலை) நாலுக்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம்தான் செல்லும், ஸ்டேஜ் நாலு, ஆறு வண்டிகள் என்றால் ஒரு வருஷம். டீசல் புகை அளவு (சோதனை மெஷின் காட்டும் எண்) பழைய வண்டிக்கு 2.45-க்குள், ஸ்டேஜ் நாலுக்கு 1.62-க்குள் இருக்க வேண்டும். சான்று இல்லாமல் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். சோதனைக்குப் போகும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து நேராகப் போகாமல் இருபது நிமிஷம் ஓட்டிவிட்டுப் போங்கள். பெடலை முழுக்க மிதித்துத்தான் அளப்பார்கள், குளிர்ந்த இன்ஜின் என்றால் நல்ல வண்டியும் தவறும். சோதிக்காமலே சான்று தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள், அளவு தெரிந்தால்தான் அடுத்த ஆறு மாதத்தில் நாசில் எப்படிப் போகிறது என்று ஒப்பிட முடியும்.

ஓவர்ஹாலுக்குப் பதில் வேறு இன்ஜின் வாங்கிப் போட நினைத்தால், வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இன்ஜின் எண் மாறினால் ஆர்.சி.யிலும் மாற வேண்டும். அந்தப் பழைய இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு பில்லும் பேப்பரும் இல்லாமல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். எண் பொருந்தாவிட்டால் எஃப்.சி.யில் நிற்கும், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் சிக்கலாகும்.

எப்போது வண்டியை நிறுத்துவது என்பது உங்கள் சரக்கைப் பொறுத்தது. எங்களைப் போலக் கல் ஏற்றுபவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை சரியான நேரம். மழையில் கல் காய்வது தாமதமாகும், லோடும் குறையும். மார்கழியில் நிறுத்தாதீர்கள், தை கிரகப்பிரவேசத்துக்குத் தரை போட வேண்டியவர்கள் எல்லாம் அப்போதுதான் கல் கேட்பார்கள். மழை நாளில் செய்வதால் கூரை உள்ள பட்டறையாகப் பாருங்கள், டீசல் லைன் திறந்திருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கூட உள்ளே போகக் கூடாது, கழற்றிய ஒவ்வொரு பைப் முனைக்கும் மூடி போடச் சொல்லுங்கள்.

வண்டியிலேயே ஒரு நோட்டு வைத்து, டேப்பெட் வைத்த தேதி, கிலோமீட்டர், நாசில் எண், திறக்கும் அழுத்தம், புகை அளவு, ஆயில் மாற்றிய தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். மெக்கானிக் மாறினாலும் டிரைவர் மாறினாலும் அந்த நோட்டைக் காட்டிப் பேசலாம்.